சொல் திரும்பி வரும் நேரம்

ஒலிபெருக்கித் தொழிலில் இருக்கும் இளையவர்கள் இப்போதும் எனக்குக் கைபேசியில் படங்கள் அனுப்புகிறார்கள். இரண்டு புறொசெசர்களின் படம், கீழே ஒரு வரி: "அண்ணை, இதிலை எதை எடுக்கிறது?" நான் ஓய்வு பெற்றுக் கொக்குவிலில் வீட்டோடு இருக்கிறேன். படத்தில் வருகிற கருவிகளில் பாதியை நான் தொட்டதே இல்லை. அதனால் எந்த இடத்துக்கு, யார் பாட, யார் கேட்க என்று திருப்பிக் கேட்பேன். சிலர் அதற்குப் பிறகு பதில் போடுவதில்லை. ஆளுக்கு வயது போய்விட்டது என்று நினைப்பார்கள் போலும். நான் அப்படிக் கேட்பதற்குக் காரணம் கடற்கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் நடந்த கூத்து. அதை ஒருமுறை முழுமையாக எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் பாடுபவரின் குரல் மைக்கில் இருந்து மிக்சருக்கு வருகிறது. மிக்சரில் இருந்து பெட்டிகளுக்குப் போகும் வழியில் இருப்பது புறொசெசர். தாழ்ந்த ஒலியைப் பாஸ் பெட்டிக்கும் மேல் ஒலியை மற்றப் பெட்டிகளுக்கும் அது பிரித்துக் கொடுக்கும். மைதானத்தின் நடுவில் நிற்கும் பெட்டிக்குப் போகிற ஒலியைச் சற்றுப் பிடித்துவைத்து, மேடையிலிருந்து காற்றில் வந்துசேரும் ஒலியோடு ஒன்றாக விடும். யாராவது அளவுக்கு மிஞ்சிச் சத்தத்தைக் கூட்டினால் பெட்டி எரிந்துபோகாமல் ஒரு எல்லையில் நிறுத்தும். இரண்டு விரல் உயரமான ஒரு தகரப் பெட்டி. முன்னால் சில விளக்குகள், சில பொத்தான்கள். பார்வைக்கு அவ்வளவுதான்.

நான் இந்தத் தொழிலுக்குப் பிந்தி வந்தவன். அதற்கு முன் ஒரு பத்திரிகைக்குச் செய்தி சேகரித்தேன். கூட்டங்களுக்குப் போய், யார் எங்கே இருந்தார்கள், யார் எப்போது எழும்பிப் போனார்கள் என்று பார்த்து எழுதும் வேலை. தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகை பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருந்த இராசநாயகம் என்னைச் சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் நாயகம் அண்ணை. வயர் சுற்றுவதிலும் ஈயம் ஒட்டுவதிலும் முதல் சில வருடங்கள் போயின. அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை.

நாயகம் அண்ணையைப் பற்றி எழுத இருக்கிறது. நிகழ்ச்சி நடக்கும்போது அவர் மிக்சருக்குப் பக்கத்தில் நிற்கமாட்டார். அங்கே நான் இருப்பேன். அவர் சனத்துக்குள் நடந்துகொண்டிருப்பார். யாராவது வந்து சத்தம் சரியில்லை என்றால் வாதாடமாட்டார், விளக்கமும் சொல்லமாட்டார். "எங்கை இருந்து கேட்டனியள்?" என்று மட்டும் கேட்பார். காட்டுகிற கதிரைக்குப் போய், அதில் தான் இருந்து ஒரு பாட்டு முழுவதையும் கேட்பார். முறைப்பாட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். திருநெல்வேலியில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நெஞ்சு அதிருது என்று சண்டைக்கு வந்தார். நாயகம் அண்ணை அவருடைய கதிரையில் இருந்து பார்த்தார். பாஸ் பெட்டிக்கு நேர் முன்னால் போட்ட கதிரை. பாட்டு முடிய எழும்பி, "பெட்டியிலை பிழையில்லை, கதிரையைத்தான் மாத்தோணும்" என்று சொல்லி, அதைத் தானே தூக்கிக்கொண்டுபோய் மறுபக்கம் போட்டார். தாய்மாமன் பின்னால் போய் அதில் இருந்தார்.

கோயில்களில் தொல்லை வேறு விதமானது. ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். நேற்றைய உபயகாரரைவிட இன்றைய உபயகாரருக்குச் சத்தம் குறையக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். வலிகாமத்தில் ஒரு கோயிலில், வெங்காயத்தில் நல்ல விளைச்சல் கண்ட ஒரு தோட்டக்காரர், நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து எங்களுடைய பழைய கருவியின் திருகை முழுவதும் திருப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டிகள் எரிந்து ஊமையாகின. பிறகு கோபித்துக்கொண்டதும் அவர்தான். "என்ரை நாளுக்கெண்டு பாத்து வாய் மூடுற பெட்டியளையோ கொண்டுவந்தனீங்கள்?" நாயகம் அண்ணை மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போது, சாமான் ஏற்றிய வானுக்குள் என்னிடம், இனி வாங்குகிற கருவிக்குப் பூட்டு இருக்க வேண்டும் என்றார்.

போர் முடிந்து சில வருடங்களில் டிஜிற்றல் புறொசெசர் வாங்கும் கட்டாயம் வந்தது. கொழும்பில் இறக்குமதி செய்யும் ஒருவர் இரண்டு கருவிகளைப் பார்த்துத் தெரிவுசெய்வதற்கென்று அனுப்பிவைத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். முதலாவது கருவிக்கு நாலு அவுட். அதாவது நாலு வகைப் பெட்டிகளுக்கு வெவ்வேறாக ஒலி அனுப்பலாம். கூடவே ஒரு மைக் வந்தது. அதை மைதானத்தில் வைத்தால் கருவி தானே அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரண்டாவதுக்கு ஆறு அவுட். அளக்கும் மைக் இல்லை. எழுத்து பொடியாகத் தெரியும் சின்னத் திரை. பாட்டு இல்லாத நேரம் மெல்லிய இரைச்சல் ஒன்று விட்டது.

கடையில் நாயகம் அண்ணை அவற்றைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் பாட்டுப் போட்டுப் பார்ப்பதில்லை. பாட்டு ஏற்கெனவே நன்றாகச் செய்யப்பட்டது, அது எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவருடைய கட்சி. என்னிடம் அன்றைய பத்திரிகையைத் தந்து மரண அறிவித்தல்களை மைக்கில் வாசிக்கச் சொல்வார். பிறப்பிடம், வசிப்பிடம், மக்கள், மருமக்கள் என்று பெயர் பெயராக வரும். அவர் பாதையின் மறுகரையில் நின்று ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்வார். ஒரு எழுத்துத் தடுமாறினால் கருவியில் கைவைப்போம். "பேர் பிழைச்சால் வேறை வீட்டுக்காரர் அழத் தொடங்கிவிடுவினம்" என்பார். அடுத்து, பாதி வாசிப்பில் மின்சாரத்தைப் பிடுங்குவார். எங்கள் பக்கம் கரண்ட் போவதும் ஜெனரேற்றர் ஏறுவதும் சாதாரணம். மீண்டும் கொடுக்கும்போது, நாங்கள் போட்ட அளவுகளைக் கருவி மறந்துவிடுகிறதா, பெட்டியில் அடிக்கிறதா என்று பார்ப்பார். முதலாவது கருவி ஒருமுறை 'டும்' என்று அடித்தது. இரண்டாவது கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, விட்ட இடத்தில் பிடித்தது. இரண்டையும் பூட்டலாம்.

அப்படியிருந்தும் முதலாவதையே இருவரும் விரும்பினோம். அதில் மனிதக் குரல் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் இருந்தது. 'டும்' சத்தத்துக்கு வேறு வழி செய்யலாம். இரண்டாவதை நான் பெட்டியில் போட்டு ஒட்டி வைத்தேன். அந்த வாரம் குருநகர்ப் பக்கத்தில் ஒரு பங்கின் திருநாள். அதற்கு முதலாவதைக் கொண்டுபோனோம்.

திருநாளுக்குக் கூத்து இருந்தது. முன்பெல்லாம் விடியவிடிய நடந்ததை இப்போது மாலையில் தொடங்கிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்கிறார்கள். கோவில் முற்றத்தில் மேடை. மேடைக்கு எதிரே கடற்கரை வரை மணல் வெளி. எங்களுடைய நாலு அவுட்டும் நிரம்பிவிட்டன. பாஸ் பெட்டிகளுக்கு ஒன்று, மேடையின் இரு பக்கப் பெட்டிகளுக்கு ஒன்று, வெளியின் நடுவில் நின்ற பெட்டிகளுக்கு ஒன்று. நாலாவது கோவில் விறாந்தைக்கு. நடக்க முடியாதவர்களையும் நோயாளிகளையும் அங்கே இருத்துவார்கள், அவர்களுக்கு வசனம் விளங்க வேண்டும் என்று பங்குத்தந்தை தனியாகக் கேட்டிருந்தார்.

கூத்தில் அரசன் வேடம் யேசுதாசனுக்கு. அறுபதை எட்டிய கடற்றொழிலாளி. முந்திய வருடம் அவருடைய வள்ளத்தின் எஞ்சின் நடுக்கடலில் நின்று, காற்று இழுத்த பக்கம் போய், கடைசியில் வல்வெட்டித்துறைக்காரர் கண்டு கட்டி இழுத்துவந்தார்கள். கடலில் கிடந்தபோது, உயிரோடு கரை சேர்ந்தால் அரசன் பாட்டைப் பாடுகிறேன் என்று புனிதருக்கு நேர்ந்திருந்தார். அந்தப் பங்கில் நேர்த்திக்குப் பாடுகிறவர் தன் வாயால் தொடக்கம் முதல் முடிவு வரை பாட வேண்டும். இன்னொருவர் பாடினால் நேர்த்தி தீராது. அந்தக் கூத்தோ வருடா வருடம் ஏறுவதில்லை. ஆள் சேர்ந்து, காசு சேர்ந்து, மனமும் சேர்ந்தால்தான் ஏறும். இதை எல்லாம், கூத்தைப் பழக்கி மத்தளமும் அடிக்கும் அண்ணாவியார் எனக்குச் சொன்னார்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் உடுப்போடு ஒத்திகை. எங்கள் பெட்டிகளில் அதுதான் முதல் தடவை. யேசுதாசன் நல்ல குரல்காரர். முதல் அடியைப் பாடினார். பாடிவிட்டு நின்றார். பின்னால் பிற்பாட்டுக்காரர் அந்த அடியைத் திருப்பிப் பாடத் தொடங்க, இவர் திடுக்கிட்டவர்போல் இரண்டாம் அடியை எடுத்தார். இரண்டும் மோதின. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கினார். அதே இடத்தில் அதேபோல். மூன்றாவது தடவை பாட்டே மறந்துபோனது.

மேடையில் மந்திரி வேடத்தில் நின்ற றெஜி, இளம் ஆள், அரசன் பாட்டு முழுவதும் பாடம். அவன் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான்: "கடல்லை கிடந்ததிலை ஆளுக்குக் காதுக்குள்ளை தண்ணி போட்டுது." சிரித்தார்கள். யேசுதாசன் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

திருநாள் சபையின் செயலாளர் ஒத்திகையை அதோடு நிறுத்தினார். றெஜியின் தனிப்பாட்டு கடைசிக் காட்சியில் வருவது, அதுவரை போகவில்லை. செயலாளர் கெட்ட மனிதர் அல்ல. அயல் பங்குகளில் இருந்து குருவானவர்கள் வருகிறார்கள், வெளிநாட்டில் இருந்து சனம் வருகிறது, பாட்டுக் குழம்பினால் ஊருக்குத்தான் வெட்கம் என்பது அவருடைய கவலை. றெஜியை அரசனாகப் போடலாம் என்றார். யேசுதாசன் வேலைப்பாடான அந்த உடுப்போடு படியில் இருந்து, "என்ரை வாயாலை பாடாட்டில் அது நேர்த்தியில்லை" என்று மட்டும் சொன்னார். நாயகம் அண்ணை இடையில் புகுந்து, நாளை மத்தியானம் வரை ஆளை மாற்ற வேண்டாம் என்று கேட்டார். செயலாளர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மத்தியானமும் குழம்பினால் றெஜிதான், அதற்கு மேல் கதை இல்லை என்றார்.

யேசுதாசனைத் தவிர எல்லோரும் போன பிறகு நாயகம் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். வழக்கமாகக் கேட்பவரின் கதிரையில் இருக்கிறவர், அன்று பாடுகிறவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். யேசுதாசனை முதல் அடியைப் பாடச் சொன்னார். நான் மிக்சரில் இருந்து பார்த்தேன். அடி முடிந்ததும் யேசுதாசனின் முகம் சற்று நிமிர்ந்து வெளியின் மறுகோடியைப் பார்த்தது. அங்கே ஒரு தென்னைமரமும் கடலும்தான்.

"எதைப் பாக்கிறீர்?" என்று நாயகம் அண்ணை கேட்டார்.

"ஒண்டையும் பாக்கேல்லை அண்ணை. கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"எதை?"

யேசுதாசன் கொஞ்சம் கூச்சப்பட்டார். "என்ரை சொல்லு திரும்பி வரேல்லை."

அவர்கள் கூத்துப் பழகியது எல்லாம் அதே முற்றத்தில், இளைஞர் மன்றத்தின் பழைய அம்ப்ளிபயரும் ஹோன் என்கிற ஒரே ஒரு குழாய் ஒலிபெருக்கியும் வைத்துத்தான். அந்த ஹோனை மேடையைப் பார்க்கும்படி மறுகோடித் தென்னையில் கட்டியிருந்தார்கள். ஊரில் எப்போதும் அதை அங்கேதான் கட்டுவார்கள். மேடையில் பாடிய சொல் ஹோனில் இருந்து வெளியைக் கடந்து திரும்பி வரச் சிறிது நேரம் எடுக்கும். ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போல. பாடுகிறவர் தன் கடைசிச் சொல் வந்து சேர்ந்ததும் மூச்செடுப்பார். அவருடைய மூச்சைக் கேட்டுப் பிற்பாட்டு ஏறும். அப்படியொரு அளவு இருப்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. நாங்கள் தென்னையில் இருந்த ஹோனை இறக்கி, எல்லாப் பெட்டிகளையும் சனத்தின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு ஒலியையும் நேரத்துக்குச் சேரும்படி அளந்து வைத்திருந்தோம். மேடைக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக ஹோனைத் தென்னையிலேயே மீண்டும் கட்டிப் பார்த்தோம். யேசுதாசன் தடுமாறாமல் பாடினார். ஆனால் நாயகம் அண்ணை பின்வரிசையில் போய் இருந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். நடுவில் நின்ற எங்கள் பெட்டி ஒருமுறை சொல்ல, தென்னை இன்னொருமுறை சொல்லியது. ஒரு வசனமும் விளங்கவில்லை. ஹோன் மேடைக்குப் பக்கத்திலேயே வர வேண்டும், மேடையில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில் வர வேண்டும், ஆனால் ஒலி தென்னையில் இருந்து வருவதுபோல் பிந்தி வர வேண்டும். பிடித்துவைக்கிற வேலை புறொசெசருடையது. அதற்குத் தனியாக ஒரு அவுட் வேண்டும்.

முதலாவது கருவியில் இடமில்லை. விறாந்தைப் பெட்டியைக் கழற்றினால் ஒன்று மிஞ்சும் என்று நான் சொன்னேன். நாயகம் அண்ணை விறாந்தையைப் பார்த்தார். காலையிலேயே ஒரு கிழவரைக் கதிரையோடு தூக்கிவந்து அங்கே வைத்திருந்தார்கள்.

"வானை எடுத்துக்கொண்டு போய் மற்றதைக் கொண்டுவாரும்" என்றார்.

நான் ஒட்டிய பெட்டியை நானே பிரித்தேன். இரண்டாவது கருவியில் அளக்கும் மைக் இல்லாததால் எல்லாவற்றையும் கையால் போட வேண்டியிருந்தது. தென்னையில் இருந்து மேடைவரை நாடா பிடித்து அளந்து, அந்தத் தூரத்துக்கு உரிய தாமதத்தை ஐந்தாவது அவுட்டில் போட்டேன். ஹோனை மேடைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் கட்டி, வாயைப் பாடுகிறவரின் பக்கம் திருப்பினோம். பாட்டு இல்லாதபோது கருவி விட்ட இரைச்சல் கடல் இரைச்சலுக்குள் போய்விட்டது.

மத்தியானம் செயலாளர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யேசுதாசன் முதல் அடியைப் பாடி நின்றார். சொல் வந்தது. மூச்செடுத்தார். பிற்பாட்டு ஏறியது. அரசன் பாட்டு முழுவதையும் நிறுத்தாமல் பாடினார். அண்ணாவியார் ஒருமுறைகூட மத்தளத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை. செயலாளர் பந்தல் வேலையைப் பார்க்கப் போனார். நாயகம் அண்ணை என்னிடம், "இதைத்தான் எடுக்கிறம். மற்றதைத் திருப்பி அனுப்பும்" என்றார்.

மாலையில் வெளி நிறைந்தது. அரசன் வந்த முதல் பாட்டு முடிவதற்குள் செயலாளர் மிக்சருக்கு ஓடிவந்தார். முன்வரிசையில் குருவானவர்கள் இருக்கிறார்கள், அங்கே எல்லாம் இரண்டிரண்டாகக் கேட்கிறது என்றார். நாயகம் அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார். செயலாளரின் கதிரை முன்வரிசையில் மேடைத் திரைக்குப் பக்கத்தில். நாயகம் அண்ணை அதில் போய் இருந்து ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். செயலாளர் பக்கத்தில் நின்றார். பாட்டு முடிய, நாயகம் அண்ணை "ஓம், கேக்குது" என்று ஒப்புக்கொண்டார். ஹோனின் ஒலி அந்தக் கரையில் கொஞ்சம் சிந்தத்தான் செய்தது.

செயலாளர் அதை நிறுத்தச் சொன்னார். நாயகம் அண்ணை, யேசுதாசன் பாடி முடிக்கும்வரை பொறுக்கச் சொன்னார். அரசன் இறந்ததும் நிறுத்துகிறோம், அதற்குப் பிறகு ஒரு காட்சிதானே என்றார். செயலாளர் குருவானவர்களைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "அவர் முடிச்ச உடனை நிப்பாட்டிப்போடோணும்" என்றார். நாயகம் அண்ணை சரி என்று, மிக்சரில் இருந்த எனக்கும் ஆள்விட்டுச் சொன்னார். பிறகு செயலாளரின் கதிரையிலேயே இருந்துவிட்டார். செயலாளர் வேறு கதிரை தேடிக்கொண்டார்.

யேசுதாசன் எல்லாவற்றையும் பாடினார். அரசன் இறக்கும் காட்சியில் நீண்ட பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் கடைசி அடியில் அவருடைய குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் அடி அடியாக, மூச்சு மூச்சாக முடித்தார். விழுந்து கிடந்தவர் மேல் திரை வந்தது. விறாந்தையில் யாரோ சிலுவை அடையாளம் போட்டார்கள். நான் ஐந்தாவது அவுட்டை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் யேசுதாசன் அரசன் உடுப்போடு, கிரீடம் இல்லாமல், மிக்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்துப் பவுடர் வியர்வையில் வழிந்திருந்தது. கோவிலுக்குள் போய் முழந்தாளிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். மேடையில் கடைசிக் காட்சி தொடங்கியது. மந்திரி புதிய அரசனாகிறான். அதே கிரீடம் இப்போது றெஜியின் தலையில். அவன் முன்னுக்கு வந்து முதல் அடியை உரத்துப் பாடினான்.

பாடிவிட்டு முகத்தைச் சற்று நிமிர்த்தி நின்றான். ஒன்றும் வரவில்லை. பிற்பாட்டு அவன் மேல் ஏறியது. அவன் இரண்டாம் அடியை எடுத்துப் பாதியில் விட்டான். அண்ணாவியார் மத்தளத்தை ஒரு சுற்று வெறுமனே அடித்து அவனுக்கு இடம் கொடுத்தார். றெஜி மீண்டும் முதல் அடியில் இருந்து தொடங்கினான்; குரல் தாழ்ந்திருந்தது. சனத்துக்குள் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் செயலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நாயகம் அண்ணை அவருக்கு அப்பால், எனக்கு முதுகு காட்டியபடி இருந்தார். சொன்னபடி நிறுத்தியிருந்தேன், மூடிய பொத்தான் என் விரலடியில் இருந்தது.

யேசுதாசன் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். அவருடைய உதடு றெஜியின் அடியோடு சேர்ந்து அசைந்தது. அவன் நின்ற இடத்தில் நின்றது.

"அவனுக்கும் விடுங்கோ தம்பி" என்றார்.

பொத்தானை அழுத்தினேன். றெஜி அடியை முடித்தான், நின்றான், மூச்செடுத்தான்.